அண்ணாவியார் காத்த விளக்கு

மாத்தளை மாவட்டத்தின் வடமேற்கே, கலேவெலைப் பகுதியில், வஹாகோட்டை என்றொரு கிராமம் உண்டு. அவ்வூரார் பேசுவது சிங்களம். அவர்கள் செய்வது, அயலூரார் செய்யும் அதே பயிர்த்தொழில். உணவிலோ உடையிலோ வேற்றுமை காண்பதரிது. எனினும், பௌத்தக் கிராமங்கள் சூழ்ந்த அந்நாட்டில் இவ்வொரு கிராமத்தார் மட்டும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்கராய் வாழ்ந்து வருகின்றனர். ஊரின் நடுவே புனித அந்தோனியார் ஆலயம் உளது. அங்குள்ள பழைய திருவுருவம் போர்த்துக்கேயர் காலத்தது என்பது ஊர் மரபு. இன்று நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சிங்களரும் தமிழரும் அவ்வாலயத்தை நாடி யாத்திரை செல்கின்றனர்.

நேயர்களே, கண்டி இராச்சியத்தின் நடுவே இவர்கள் எவ்வாறு வந்தார்கள் என்பது கடினமான வினாவன்று. எவ்வாறு நிலைத்தார்கள் என்பதே வினா. கரையோரத்துக் கத்தோலிக்கருக்கு அயலிலே தம்மினத்தவர் இருந்தனர். கடல் வழியே செய்தி வந்தது. சில வேளைகளில் குருவும் வந்தார். காட்டரண் சூழ்ந்த மலைநாட்டு விளிம்பில் இருந்த இச்சிறு கூட்டத்துக்கு அவையொன்றும் எளிதில் எட்டவில்லை. பாடசாலை வரலாற்று நூல்களிலே கண்டி இராச்சியம் என்றால் போர்களும் உடன்படிக்கைகளும் பக்கம் பக்கமாக வரும். வஹாகோட்டை ஒரு வரியிற் கூட இடம் பெறுவதில்லை. அந்தக் குறையைச் சிறிது நிரப்புவதே இப்பேச்சின் நோக்கம்.

போர்த்துக்கேயர் 1505-ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்தனர். கரையோரத்தைத் தமதாக்கிக் கொண்ட அவர்களால் கண்டியை வெல்ல இயலவில்லை. 1630-இல் ரந்தெனிவெலையிலும் 1638-இல் கன்னொறுவையிலும் அவர்தம் படைகள் அழிந்தன. உயிர் தப்பியோர் சிறைப்பட்டனர். பின்னர் 1656-இல் கொழும்பு ஒல்லாந்தர் கைப்பட்டபோது, கத்தோலிக்கர் பலர் தம் பழைய பகைவனான இரண்டாம் இராசசிங்கனிடமே புகலிடம் தேடி மலையேறினர். அரசன் அவர்களை ஏற்றுக் குடியமர்த்தினான். வஹாகோட்டையாரின் முன்னோர் இவ்வாறு வந்த போர்த்துக்கேயரும் அவர் வழித்தோன்றல்களுமே ஆவர். போரில் எதிர்த்து நின்றவனுக்கும் அவன் மதத்துக்கும் பௌத்த அரசன் ஒருவன் இடமளித்தான் என்பதை நாம் அடிக்கடி நினைவுகூர்வதில்லை, நினைவுகூர வேண்டும்.

கரையோரத்தில் நிலை வேறாயிற்று. 1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் வீழ்ந்தபின், ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குருமார் நாடு கடத்தப்பட்டனர். குருவானவர் ஒருவருக்குப் புகலிடம் அளிப்பவருக்கு மரணதண்டனை என்று அதே ஆண்டிற் கட்டளை பிறந்தது. ஆலயங்கள் கல்வின் மதத்தாரின் கோயில்களாகவும் பாடசாலைகளாகவும் மாறின. பாடசாலைத் தோம்பிலே பெயர் பதியப்பெற வேண்டுமாயின் ஒல்லாந்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறல் வேண்டும். தோம்பிற் பெயரில்லாதவனுக்கு விவாகப் பதிவும் முதுசச் சொத்துரிமையும் ஐயத்துக்குரியனவாயின. ஆசிரியத் தொழில் செய்வோர் இதைச் சிறிது நின்று சிந்திக்கலாம். பிள்ளைகளின் வரவைக் குறிக்கும் ஏடு, ஒரு மக்களின் மனச்சாட்சியைக் கண்காணிக்கும் கருவியாகப் பயன்பட்டது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வாறு குருவின்றிக் கழிந்தன. இக்காலத்திற்றான் மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக் கொண்டு சில குடும்பங்கள் வன்னிக் காட்டுக்குள் ஓடின. இன்றைய மடு அவ்வோட்டத்தில் பிறந்த தலம்.

1687-ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட தோணியொன்றிலே, கூலியாள் உடையணிந்த ஒருவர் யாழ்ப்பாணக் கரைக்கு வந்து சேர்ந்தார். அவரே யோசேப் வாஸ் அடிகளார். 1651-இல் கோவாவின் பெனோலிம் என்ற ஊரில் அந்தணர் மரபிற் பிறந்தவர், கொங்கணி தாய்மொழி. இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிக்கின்றனர் என்ற செய்தி கேட்டே இப்பயணத்தை மேற்கொண்டார். எந்த அரசும் அவரை அனுப்பவில்லை. எந்தப் படையும் அவர் பின்னே வரவில்லை. உடன் வந்தவர் யோவான் என்ற ஊழியர் ஒருவரே. கடற்பயணத்தின் இடரால் இருவரும் கடும் வயிற்றளைச்சல் கண்டு, யாழ்ப்பாணத்துத் தெருவோரத்திற் கிடந்தனர். முன்பின் அறியாத ஒரு பெண்மணி நாடோறும் கஞ்சி வார்த்து அவர்களைக் காத்தாள் என்பர். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

உடல் தேறியபின் அடிகளார் பிச்சைக்காரர் போல வீடு வீடாகச் சென்றார். கழுத்திலே செபமாலை தொங்கிற்று. அதைக் கண்டு முகம் மாறுவோர் யாவர், கண் கலங்குவோர் யாவர் என்று நோக்கியே கத்தோலிக்கரை இனங்கண்டார். தமிழிலே பேசி, சில்லாலையில் மறைந்திருந்து, இரவிலே பூசை செய்து, பகலிலே ஒளிந்து வாழ்ந்தார். 1689-ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தப் படையினர் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரைச் சுற்றிவளைத்துப் பலரைக் கைது செய்தனர். சிலர் கொடிய தண்டனைக்கு உட்பட்டனர். அடிகளார் தப்பினார். பின்னர் ஒல்லாந்தர் ஆணை செல்லாத புத்தளத்துக்குச் சென்று, அங்கிருந்து 1692-இல் கண்டியை நோக்கிப் புறப்பட்டார்.

கண்டியிலும் வரவேற்பு இருக்கவில்லை. இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று பிரெஞ்சுக்காரர் ஒருவர் அரசவையிற் கோள் மூட்ட, இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளாரைச் சிறையிலிட்டான். காவல் படிப்படியாகத் தளர்ந்தது. சிறைக்குள்ளே ஓலைக் குடிசையிற் பீடம் அமைத்துக் கொண்டார், சிங்களம் கற்றார். 1696-இல் நாடு வரட்சியால் வாடியபோது, அரசன் வேண்டியபடி அடிகளார் மன்றாட மழை பெய்தது என்று கத்தோலிக்க மரபு கூறும். மழையைப் பற்றி நம்புவோர் நம்புக. அதற்குப் பின் அவருக்கு நாடெங்கும் நடமாடும் சுதந்திரம் கிடைத்தது என்பது வரலாறு.

எனக்கு மழையைவிட அடுத்த ஆண்டின் செய்தியே பெரிதாகத் தோன்றுகின்றது. 1697-இல் கண்டி நகரைப் பெரியம்மை பற்றிக் கொண்டது. அரசன் நகரை நீங்கினான், பிரபுக்கள் நீங்கினர். நோயுற்றோரைக் காட்டில் விட்டுவிடுவது அக்கால வழக்கம். யோசேப் வாஸ் அடிகளாரும், அப்பொழுதுதான் கோவாவிலிருந்து வந்திருந்த அவர் உறவினரான யோசேப் கார்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டோருக்குக் குடிசை கட்டினர், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனர், புண்ணைக் கழுவினர், இறந்தோரைத் தம் கையாலே குழி தோண்டி அடக்கம் செய்தனர். பௌத்தர், கத்தோலிக்கர் என்று நோயாளரைப் பிரித்துப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத் தெருவிலே முகமறியாத ஒருத்தி வார்த்த கஞ்சியைப் பத்தாண்டுகளின்பின் அடிகளார் கண்டியிலே வார்த்தார் எனலாம்.

இனி வஹாகோட்டைக்குப் பயன்பட்ட செய்திக்கு வருவோம். நாடு பெரிது, குருமார் மிகச் சிலர். ஒரு கிராமத்துக்குக் குருவானவர் ஆண்டுக்கொரு முறை வந்தால் அதுவே பெரும் பேறு. இதனை நன்குணர்ந்த அடிகளார், குருவின்றியும் நடக்கத்தக்க ஓர் ஒழுங்கை ஊர்தோறும் அமைத்தார். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மூப்பர். அவர் ஆலயத்தையும் அதன் உடைமைகளையும் காத்து, பிணக்குகளைத் தீர்ப்பவர். ஒவ்வோர் ஊரிலும் ஓர் அண்ணாவியார். அவர் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவித்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்து, ஆபத்து வேளையிற் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, மரணப் படுக்கையின் அருகிருந்து செபிப்பவர். சம்பளமில்லாத பதவி. பெரும்பாலும் உழவரோ மீனவரோ வகித்த பதவி. நாட்டுக்கூத்தைப் பழக்குபவரை அண்ணாவியார் என்றழைக்கும் நம்மவர், அதே பெயரைச் செபம் பழக்குபவருக்கும் கொடுத்தது பொருத்தமே. இரண்டும் கேட்டுக் கேட்டு மனத்திற் பதியும் கல்வி.

அண்ணாவியார் வாசிப்பதற்கு ஏடு வேண்டுமன்றோ? அதனை அளித்தவர் 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். இவரும் கோவா நாட்டினரே. சாங்கோபாங்க சுவாமியார் என்று தமிழ்க் கத்தோலிக்கர் இவரைப் போற்றுவர். சிங்களத்திலும் தமிழிலும் வசனமாகவும் செய்யுளாகவும் பல நூல்கள் இயற்றினார். ஒல்லாந்தர் கொழும்பிலே 1737-இல் அச்சுக்கூடம் நிறுவித் தம் நூல்களை அச்சிட்டனர். கொன்சால்வெஸ் அடிகளாரின் நூல்களோ பனையோலையிற் கை மாறிக் கை மாறிப் படியெடுக்கப்பட்டன. ஆயினும் அச்சிட்ட நூல்களைவிட ஓலைகள் ஆழமாக வேரூன்றின. கிறிஸ்துநாதரின் பாடுகளைக் கூறும் அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திலே மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இன்றும் இராகத்தோடு வாசிக்கப்படுகின்றது. அவருடைய நூல்கள் தனியே இருந்து படிப்பதற்கென எழுந்தவையல்ல; ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டற்கென எழுந்தவை. வானொலி நேயராகிய உங்களுக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

யோசேப் வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16-ஆம் திகதி கண்டியிற் காலமானார். கொன்சால்வெஸ் அடிகளார் 1742-இல் போலவத்தையில் மறைந்தார். அவர்களை ஆதரித்த நரேந்திரசிங்க மன்னனும் 1739-இல் இறந்து விட்டான். அவனுக்குப் பின் அரியணை ஏறிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் மதுரை நாயக்கர் மரபினன்; முன்னைய அரசனின் தேவியாருக்கு உடன்பிறந்தவன். வேற்று நாட்டிலிருந்து வந்து சைவச் சூழலில் வளர்ந்த ஒருவன் கண்டி மக்களின் நம்பிக்கையைப் பெற வேண்டுமாயின், பௌத்தத்தின் காவலனாகத் தன்னைக் காட்டுவது இன்றியமையாததாயிற்று. 1740-களின் நடுவே குருமார் கண்டி இராச்சியத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். ஆலயம் இடிந்தது. குருமாரின்றிக் கண்டி நாட்டுக் கத்தோலிக்கர் பலர் சிறிது சிறிதாக அயலாருடன் கலந்து மறைந்தனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

வஹாகோட்டை மறையவில்லை.

குருவில்லாத கத்தோலிக்கருக்கு எஞ்சுவது எது என்று எண்ணிப் பார்ப்போம். பூசை இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. இறப்பவருக்கு அவஸ்தைப் பூசுதல் இல்லை. கத்தோலிக்கரின் ஞான வாழ்வுக்கு இவை தூண்கள். தூண்கள் யாவும் சரிந்தன. எஞ்சியவை மிகச் சிறியவை. தண்ணீரும் உரிய வாசகமும் கொண்டு எவரும் ஆபத்திற் கொடுக்கத்தக்க ஞானஸ்நானம். விரல்களால் எண்ணத்தக்க செபமாலை. மனப்பாடமான மந்திரங்கள். ஒரு திருவுருவம். ஆண்டுக்கொரு திருநாள். இவற்றைக் கொண்டு ஒரு கிராமம், 1815-இல் பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றும் வரை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளைக் கடந்தது. எழுபது ஆண்டுகளென்பது மூன்று தலைமுறை. குருவானவரைக் கண்ட பாட்டி, காணாத மகளுக்குச் சொல்லி, மகள் தன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்த காலம்.

காணாமற் போன பொருள்களைக் கண்டெடுத்துத் தருபவர் என்று மக்கள் புனித அந்தோனியாரை வேண்டிக் கொள்வர். அவர் பிறந்ததும் போர்த்துக்கலின் லிஸ்பனிலே. தாயகத்தையும் ஆட்சியையும் ஆயரையும் இழந்த ஒரு கூட்டத்தார் தம் ஊர்ப் புனிதராக அவரைக் கொண்டது இயல்பே. போர்த்துக்கேய மொழி அவர் நாவினின்றும் நீங்கிற்று. நாம் இருக்கும் கதிரையிலும் பொருள் வைக்கும் அலுமாரியிலும் அம்மொழி இன்னும் ஒட்டிக் கொண்டிருக்க, போர்த்துக்கேயரின் பேரர்களோ அதனை மறந்து சிங்களரானார்கள். அந்நியரின் ஆட்சியோடு வந்த மதம் அவ்வாட்சியோடு போய்விடும் என்று கூறுவோருக்கு வஹாகோட்டை ஒரு மறுமொழி. ஆட்சி போயிற்று, மொழி போயிற்று, செபம் போகவில்லை.

கரையோரத்திலே 1806-இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த ஒல்லாந்தர் காலத் தடைகளை நீக்கினார். கண்டியும் பிரித்தானியர் வசமானபின் மலைநாட்டு வழிகள் திறந்தன. அவ்வழியாக மாத்தளைக்கு வேறொரு கூட்டம் வந்தது. அவர்கள் நம்மவர்.

கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1830-களிலும் 1840-களிலும், தென்னிந்தியத் தமிழர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். நீரற்ற காடு, வாந்திபேதி, காய்ச்சல். 1840-களில் மட்டும் எழுபதினாயிரம் பேர் மாண்டனர் என்று 1849-இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. இத்தொகை பற்றி ஆய்வாளர் வேறுபடுவர். சாவு மிகுதி என்பதில் எவரும் வேறுபடுவதில்லை. வந்தவருட் பெரும்பாலார் மாரியம்மனை வணங்குவோர். மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் ஆலயம் அவர்தம் துன்பமும் நேர்த்தியும் திரண்ட இடம். அவர்களுக்குள்ளே திருநெல்வேலிச் சீமையிற் கிறிஸ்தவரானோர் சிலரும் இருந்தனர்.

1850-களின் நடுவில் அங்கிலிக்கன் திருச்சபையின் மிசன் சங்கத்தார், தோட்டத்துரைமார் சிலரின் பொருளுதவியுடன், இத்தொழிலாளருக்கென ஒரு தமிழ் மிசனைக் கண்டிப் பகுதியில் நிறுவினர். உபதேசியார் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். துரைமார் பணம் கொடுத்ததில் பக்தி எவ்வளவு, அடங்கி நடக்கும் தொழிலாளர் வேண்டுமென்ற கணக்கு எவ்வளவு என்று பிரித்தறிய முயல வேண்டியதில்லை, இரண்டும் இருந்திருக்கும். உபதேசியாரின் வாழ்வு அக்கணக்குகளுக்கு வெளியே நடந்தது. பிரட்டு முடிந்து, கொழுந்தோ கோப்பியோ நிறுத்து முடிந்து, இருள் விழும் நேரத்திலே லயத்து வாசலிற் குப்பி விளக்கேற்றி, பிள்ளைகளைச் சுற்றியிருத்தி எழுத்துக் கற்பித்தவர் அவர். தோட்டப் பாடசாலை பலவற்றுக்கு வேர் அந்தக் குப்பி விளக்கின் அடியில் இருக்கின்றது. ஒல்லாந்தரின் தோம்போடு ஒப்பிட்டால், இங்கே பெயர் எழுதப்பட்டது தண்டிப்பதற்கன்று, எழுதக் கற்பதற்கு. கங்காணியின் கணக்குப் புத்தகத்திலே கடனாளியாக மட்டும் இருந்த ஒருவனின் மகன், தன் பெயரைத் தானே எழுதினான். வாஸ் அடிகளாரின் அண்ணாவியார் கத்தோலிக்கர், இவ்வுபதேசியார் புரொட்டஸ்தாந்தர். அவர்கள் காலத்தில் இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஏற்கவில்லை. செய்த தொழில் ஒன்றே.

இத்தொழிலாளர் பரம்பரையினர் 1948-இல் குடியுரிமை இழந்தனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அதன் வரலாறு தனியே பேசப்பட வேண்டியது. இங்கே 1983-ஐ மட்டும் குறிக்கின்றேன். அவ்வாண்டு யூலையில் மாத்தளை நகரிலே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. முத்துமாரியம்மனின் தேர்களும் எரிந்தன. தமிழர் உடுத்த உடையோடு ஓடினர்.

மாத்தளை, அங்கிலிக்கன் திருச்சபையின் குருநாகல் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மறைமாவட்டம் 1950-இல் நிறுவப்பட்டது. 1962 முதல் அதன் அத்தியட்சராக இருந்தவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. அவர் சிங்களர், செல்வாக்குள்ள குடும்பத்தவர், தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகவும் மனித உரிமைகளுக்காகவும் முன்னரே குரல் கொடுத்து வந்தவர். கலவரம் வெடித்த வேளையில் விடுமுறை பெற்று இங்கிலாந்தில் இருந்தார். உடல்நலம் குன்றியிருந்தது. அங்கேயே தங்கியிருந்தாலும் எவரும் பழி கூறியிருக்க மாட்டார். அவரோ திரும்பி வந்தார். பாதிக்கப்பட்டோரைச் சென்று கண்டார். யாழ்ப்பாணம் வரை சென்றார். பின்னர்த் தம் மறைமாவட்டத்தாருக்கு விடுத்த மேய்ப்புப்பணிச் செய்தியிலே, தம்மினத்தவர் தமிழருக்கு இழைத்தவற்றை எண்ணிச் சிங்களராகிய தாம் நாணுவதாகவும், சிங்கள மக்கள் அக்குற்றத்தை ஏற்று மன்னிப்புக் கேட்க வேண்டுமெனவும் எழுதினார். அந்நாட்களில் அவ்வாறு எழுத எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அக்காலத்தை அறிந்தோர் அறிவர். பெரியம்மை பரவிய கண்டியிலிருந்து பிரபுக்கள் வெளியேற, வாஸ் அடிகளார் உள்ளே நின்ற செய்தியை அத்தியட்சர் அறியாதவரல்லர்.

வாஸ் அடிகளார் 1995 ஜனவரி 21-இல் கொழும்பிலே முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14-இல் காலிமுகத்திடலிலே புனிதராகவும் பாப்பரசர்களால் அறிவிக்கப்பட்டார். இலட்சக்கணக்கானோர் கூடினர். லக்ஷ்மன் விக்கிரமசிங்க அத்தியட்சர் அச்செய்தியை எழுதிய சில வாரங்களில், 1983 ஒக்டோபர் 23-ஆம் திகதி, மாரடைப்பினாற் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 56.